என் மகள் போட்ட கட்டத்தில் நான் பிடித்த பிழை

எங்கள் தீவில் சிப்பிகாட் போகிற சாலையில் தண்ணீர் கடக்க ஏழு கல்வர்ட்டுப் பாலம். ஏழும் என் கை. குட்வில் எஸ்டேட்டில் பதினோரு வீடு. சௌல்தாரியில் பள்ளிக்கூடக் கட்டடம்; கூரைக்குப் போட்ட பாடாக் மரத்தில் இன்று வரை ஒரு சட்டம் வளையவில்லை. கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் இருக்க அரை மைல் நீளத்துக்கு மண்ணணை. இரண்டு மழைக்காலம் அதை அள்ளிக்கொண்டு போனது, மூன்றாவது தடவை நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

கப்பலில் வரும் சிமெண்டு பாதி மூட்டையில் கல்லாகிக் கிடக்கும். வேலையாட்களில் பாதிப் பேர் மலேரியாவில் படுத்துவிடுவார்கள். அளவுநாடாவைப் பிடிக்கத் தெரியாத எஞ்சினியர் எனக்கு அளவு சொல்லுவார். இத்தனைக்கும் நடுவில், மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்த வேலைகள் இவை.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் அவற்றைத்தான் சொல்லி எழுதவைத்து வந்தேன். கோபித்துக்கொண்டு ஆசிரியருக்குச் சிலர் கடிதம் போட்டார்களாம். போடட்டும். இந்த வாரம் சொல்லப்போவது செங்கல், மணல் எதுவும் இல்லாத வேலை. நான் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பது என் கணிப்பு.

எழுபதுகளின் கடைசி. மழை இறங்குவதற்கு முந்தைய புழுக்கம். சிப்பிகாட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை. மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது. என் மகள் வசந்தா மெட்ராஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். தரையில் பெரிய காகிதத்தை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மருமகள் செல்வியிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதக் கர்ப்பிணி அவள். முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள்.

"என்ன சொன்ன அவகிட்ட?" என்றேன்.

வசந்தா காகிதத்தைச் சுருட்டினாள். "இருக்கறதச் சொன்னேம்பா" என்றாள்.

அது என்ன படிப்பு

வசந்தா படித்தது மேல்படிப்பு. அந்தப் படிப்புக்கு அப்போது சரியான பேர்கூடக் கிடையாது. இன்று மரபணு ஆலோசகர் என்று பலகையே மாட்டுகிறார்கள். ஒரு குடும்பத்தில் காது கேளாமை, ரத்தம் உறையாமை போன்ற குறைகள் தலைமுறை தலைமுறையாக வந்தால், அந்தக் குடும்பத்தை உட்கார வைத்து, யாருக்கு யார் பிறந்தார் என்று வம்சப் படம் போட்டு, அடுத்த பிள்ளைக்கு வருமா வராதா என்று எடுத்துச் சொல்வதுதான் வேலை.

பெண்பிள்ளையை அதற்காகக் கப்பலேற்றினேன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அபர்தீன் பஜாரில் மளிகை வைத்திருந்த சாகுல் பாய் ஒருநாள் கேட்டார்.

"என்ன கண்ட்ராக்டரே, மக டாக்டராயிட்டு வருதா?"

"டாக்டர் இல்ல பாய். ஊசி போட மாட்டா."

"பின்ன என்ன போடும்?"

"கட்டம் போடுவா. ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம்."

"அட, ஜோசியமா! அதுக்கு எதுக்கு மெயின்லேண்டு? நம்ம கோயில் ஐயரே போடுவாரே."

கடையில் இருந்த பெங்காலிக்காரர்களுக்கும் அவர் அதை இந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்தார். நான் அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கே அது என்ன படிப்பு என்று முழுதாக விளங்கவில்லை என்பதும் உண்மை.

படிப்பு முடியப் பத்துக் குடும்பங்களின் படம் போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் குடும்பமாக எங்களையே எடுத்தாள். காரணம், என் மூத்த மகன் கருப்பையா. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. தச்சு வேலையில் தீவில் அவனுக்கு இணை கிடையாது. பள்ளிக்கூடக் கூரை அவன் இழைத்ததுதான்.

வந்த மறுநாளே நோட்டுப் புத்தகத்தோடு என் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். என் அப்பா யார், அம்மா யார், நான் கட்டிக்கொண்டது அக்காள் மகளைத்தானே, என்று வரிசையாக.

"வெள்ளையம்மா அத்தை உங்க கூடப் பொறந்த தங்கச்சிதானேப்பா?"

"பின்ன, கூடப் பொறக்காத தங்கச்சியா? எழுதிக்க" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். சௌல்தாரியில் இருக்கிற வெள்ளையம்மாளின் மகள்தான் செல்வி. முறைப்பெண் என்று என் இரண்டாவது மகன் தங்கராசுவுக்குக் கட்டி வைத்தேன்.

கறுப்புக் கட்டம்

வசந்தா எனக்குப் பிறகு விளக்கினாள். காது கேளாமை சில வம்சத்தில் ரத்தத்துக்குள் பதுங்கிக் கிடக்குமாம். தாயிடம் ஒரு பங்கு, தகப்பனிடம் ஒரு பங்கு என்று இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் பிள்ளையிடம் வெளியே வரும். நான் அக்காள் மகளைக் கட்டியதால் இரண்டு பக்கமும் ஒரே ரத்தம். அது கருப்பையாவிடம் சேர்ந்துவிட்டது. தங்கராசுவிடமும் பதுங்கியிருக்கலாம். செல்வியும் அதே ரத்தம் என்றால், அவள் வயிற்றுப் பிள்ளையிடம் மறுபடி சேரலாம்.

"சேரும்னு சொல்லலப்பா. சேரலாம்னுதான் சொன்னேன்."

"பிள்ளைத்தாச்சிகிட்ட ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

செல்விக்குக் கருப்பையாமேல் வெறுப்பு என்று நினைக்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே அவன் கைச்சாடைகளை எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படிப்பவள் அவள். அவளுக்கு வந்தது வேறு பயம்.

"மாமா, பெரிய அத்தான் காட்டுல நின்னப்ப மரம் சாஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அத்தன பேரு கத்தினோம். அவரு பாட்டுக்கு நின்னாரு. நான் ஓடிப்போய் இழுக்கலன்னா? எம்புள்ளைய இழுக்க எப்பவும் ஒரு ஆளு நிக்குமா?"



ஒன்பது நாளில் கப்பல். வசந்தாவோடு மெட்ராஸ் போய், அங்கே ஆஸ்பத்திரியில் கலைத்துவிடுவது என்று செல்வி முடிவு செய்தாள். சீட்டும் எடுத்தாயிற்று. தங்கராசு வாயைத் திறக்கவில்லை. கேட்டால், "அவ வயிறு. அவ சொல்றதுதான்" என்பான். சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போய்விடுவான்.

வீட்டில் நடப்பதைக் கருப்பையா பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் காலையில் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு தங்கையைத் தோளில் தட்டினான். சதுரங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் மையால் அடைத்திருந்தது. அதைத் தொட்டுவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு கையை விரித்தான். எனக்கு மட்டும் ஏன் கறுப்பு?

வசந்தாவுக்குக் கை எழவில்லை. குறை உள்ளவர்களுக்கு அப்படித்தான் அடைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை எந்தச் சாடையில் அவள் சொல்லுவாள்?

அவனே காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தான். என் சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதையும் கறுப்பாக அடைத்தான். என்னைக் காட்டினான், தன் காதைக் காட்டினான், தலையை ஆட்டினான். யார் சொல்வதையும் கேட்காத ஆள் இவர், இவரும் என் கட்சிதான் என்று அர்த்தம்.

நான் சிரித்தேன். வசந்தா அழுதாள். "எங்க புரொபசர் முதல் வகுப்புலயே சொன்னாருப்பா. என்ன சொல்றோம்கிறது பாதிப் படிப்பு, எப்படிச் சொல்றோம்கிறது மீதிப் படிப்புன்னு. நான் அண்ணிகிட்ட அடுப்படியில வச்சு, கிழங்கு வேகறதுக்குள்ள சொல்லி முடிச்சேன்."

பிளான் படித்த மத்தியானம்

கப்பலுக்கு நான்கு நாள் இருந்தது. மத்தியானம் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். கருப்பையாவின் பட்டறை மேசைமேல் அந்தக் காகிதம் கிடந்தது. பறக்காமல் இருக்க நாலு முனையிலும் உளியும் சுத்தியலும் வைத்து விரித்தேன்.

எனக்கு எழுத்து வராது, பிளான் வரும். எந்தப் பிளானைக் கொடுத்தாலும் மேலிருந்து பார்க்க மாட்டேன். கீழே விரலை வைத்து, இது எதன்மேல் நிற்கிறது, அது எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று கோடு கோடாகப் போவேன். எஞ்சினியர் போட்ட பிளானில் படிக்கட்டுக்கு வாசலே இல்லாததை அப்படித்தான் ஒருமுறை பிடித்தேன். அது எட்டாவது வாரத்தில் வந்தது, படித்திருப்பீர்கள்.

பிறக்காத பிள்ளையில் விரலை வைத்தேன். அதிலிருந்து செல்வி. செல்வியிலிருந்து வெள்ளையம்மாள். வெள்ளையம்மாளின் வட்டத்திலிருந்து ஒரு கோடு மேலே ஏறி என் கோட்டோடு சேர்ந்து என் அம்மாவின் வட்டத்தில் போய் நின்றது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

என் அம்மா செத்தது எனக்குப் பதினாறு வயதில், அருப்புக்கோட்டைப் பக்கத்தில். வெள்ளையம்மாளை நான் முதன்முதலாகப் பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்து, மெட்ராஸில். என் அம்மா அவளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.



அவள் தங்கையான கதை

ஐம்பதுகளின் நடுவில், தீவுக்குக் குடியேறப் பேர் கொடுத்துவிட்டுக் கப்பலுக்காக மெட்ராஸில் ஒரு கொட்டகையில் காத்துக் கிடந்தோம். நான், என் மனைவி, மடியில் கருப்பையா. பக்கத்துப் பாயில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் பையன் வாந்திபேதியில் போய்விட்டான். பெண்ணுக்குப் பதினெட்டு வயதுகூட இராது. ஊரில் யாரும் இல்லை.

பட்டியல் சரிபார்க்க வந்தவர், தனிப் பெண்ணை அனுப்ப முடியாது என்று பேரை அடிக்கப் பேனாவை எடுத்தார். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியாது.

"சார், அது என் தங்கச்சி. இனி என் குடும்பத்துல எழுதுங்க."

முழுக்கக் கருணை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிற குடும்பத்துக்கு ரோட்டோரமாக நல்ல நிலம் கிடைக்கும் என்று கொட்டகையில் பேச்சு. பாதி அந்த ஆசை. அவள் என்ன ஆட்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். பிறகு அந்தப் பெண்ணைத் தன் பாய்க்கு இழுத்துக்கொண்டாள்.

தீவுக்கு வந்து இரண்டு வருஷத்தில், அவளுக்கு அண்ணன் முறையில் நின்று, ரோடு வேலையில் இருந்த ஒரு சேலத்துக்காரருக்குக் கட்டிக் கொடுத்தேன். செல்வி பெரியவளானபோது தாய்மாமன் சீர் சுமந்தவன் நான். எனக்கு டைபாய்டு வந்தபோது நாற்பது நாள் கஞ்சி ஊட்டியவள் வெள்ளையம்மாள். என் மனைவி செத்த அன்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத நாத்தனார் அவள்.

இதை மறக்க முடியுமா என்று கேட்பீர்கள். சொல்லாமல் வைத்திருந்தது முதலில் நிலத்துக்குப் பயந்து. பிறகு அந்தப் பயம் போய்விட்டது. கூடவே விஷயமும் போய்விட்டது. வசந்தா கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். என் மனைவி இருந்திருந்தால் அன்றே என்னைக் கிள்ளியிருப்பாள்.

சௌல்தாரிக்கு நடை

மகளிடம் உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் ஒருவன் ரகசியம் இல்லையே. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தேன். வெள்ளையம்மாள் முற்றத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. என்ன இப்படி வேர்த்திருக்கு? நடந்தா வந்தீங்க?"

"நீ எனக்கு யாரு?" என்றேன்.

"வெயில்ல மண்ட காஞ்சிருச்சா? மொதல்ல பானி குடிங்க" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"வெளையாட்டு இல்லத்தா. நீ எனக்கு யாரு?"

உரித்த கை நின்றது. "இத்தன வருசம் கழிச்சு இதக் கேக்கறதுக்கா நடந்து வந்தீங்க? அறுத்துவிட வந்தீங்களாண்ணே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மகள் மெட்ராஸில் செக்கப் செய்துகொள்ளப் போகிறாள் என்பது மட்டும்தான். கேட்டு முடித்ததும் பாக்கு வெட்டியைத் தூக்கி எறிந்தாள். நல்லவேளை, என்மேல் இல்லை.

"அடப்பாவி அண்ணே! நோட்டப் புடிச்சுக்கிட்டு வந்த புள்ள எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச்சா? எங்காத்தா யாரு, எங்கப்பன் யாருன்னு என்னக் கேக்காம உங்களக் கேட்டா, நீங்க அளக்கறதத்தான எழுதும்?"

"இப்ப நான் சொல்லிரலாமா? நெலத்துக்கு ஏதும் வந்தா?"

"நெலம் கெடக்கு." கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொல்லிட்டா நான் யாருமில்லாதவ ஆயிருவேன். அன்னிக்குக் கப்பல்ல, அந்த ஜஹாஸ்ல ஏறறப்ப எப்படி நின்னேனோ, அப்படி."

"காகிதத்துல ஒரு கோடு போகும். அவ்வளவுதான். இந்தத் தீபாவளிக்கும் சேலை எடுக்கறவன் நான்தான்."

"போன தீபாவளிக்கு எடுத்தீங்களே, அந்தக் கலரா?" என்று மூக்கைத் துடைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "சலோ, எந்திரிங்க. எம்புள்ள அங்க அழுதுக்கிட்டுக் கெடக்கும்."

கோடு அழிந்தது

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. வெள்ளையம்மாள் தன் சொந்த ஊரையும் அப்பா அம்மா பேரையும் சொன்ன பிறகுதான் வசந்தா பென்சிலைக் கீழே போட்டாள்.

தங்கராசு பல நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தான். "அப்ப மொறைப்பொண்ணுன்னு சொல்லி எந்தலையில கட்டினது?"

"கியா? என்னது, இப்ப திருப்பிக் குடுக்கப் போறீங்களோ?" என்றாள் செல்வி. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று! சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. கருப்பையா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவள்தான் அழுதுகொண்டே அவனுக்குக் கைச்சாடையில் முழுக் கதையையும் சொன்னாள்.

வசந்தா அவசரப்படவில்லை. மறுநாள் முழுக்க வெள்ளையம்மாளையும் சேலத்துக்காரரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். இரண்டு பக்கத்திலும் அப்படி ஒரு குறை யாருக்கும் இல்லை. பிறகு செல்வியைக் கூட்டிக்கொண்டு அணைமேல் போய் உட்கார்ந்தாள், அடுப்படியில் இல்லை.

"எந்தப் புள்ளைக்கும் உள்ள பயம்தான் இந்தப் புள்ளைக்கும் அண்ணி. அதுக்கு மேல இல்ல. ஆனா முடிவு உங்களோடது. நான் சொல்றதுக்காக எதையும் செய்ய வேணாம்."

செல்வி திரும்பி வந்து கப்பல் சீட்டு இரண்டையும் என் கையில் கொடுத்தாள். "மாமா, ஒண்ண மட்டும் கேன்சல் பண்ணிருங்க" என்றாள்.

எனக்கு ஒரு பயம் பாக்கி. "ஏம்மா, இந்தக் காகிதம் சர்க்கார் கைக்குப் போகுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இதுல பேரே கிடையாதுப்பா. குடும்பம் ஒண்ணு, அவ்வளவுதான். யார்னு யாருக்கும் தெரியாது. அதுதான் எங்க தொழிலோட மொத விதி."

அன்று இரவு நான் தூங்கிய தூக்கம்! காலையில் வேலையாட்கள் வந்து கதவைத் தட்டி எழுப்பினார்கள்.

பேத்தி பிறந்தாள். மூன்றாம் மாதம் கருப்பையா அவளைப் பட்டறைக்குத் தூக்கிப் போய் மரத்தூள்மேல் துணி விரித்துப் படுக்க வைத்தான். பக்கத்துப் பலகையில் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அவனுக்கு அந்தச் சத்தம் இல்லை. பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது உதறிக்கொண்டு வீறிட்டது. அவன் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கினான்.

என் பங்கு

வசந்தா படித்து முடித்து, பிறகு அதே படிப்பைச் சொல்லிக் கொடுக்கிறவளானாள். மாணவர்களுக்காகப் புத்தகமும் எழுதினாள். முதல் பாடமே எங்கள் குடும்பம்தான், பேர் இல்லாமல். ஒவ்வொருவரையும் அவரவர் வாயாலேயே கேட்க வேண்டும், காகிதத்து உறவை நம்பக் கூடாது என்பதற்கு உதாரணமாக வைத்திருக்கிறாள். சரியான பாடம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பேத்தி அதை எனக்குப் படித்துக் காட்டியபோது ஒரு வரி இடித்தது. "மறுவிசாரணையில் ஆலோசகர் இந்தப் பிழையைக் கண்டறிந்தார்" என்று இருக்கிறது. எந்த ஆலோசகர்? நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கண்டுபிடிக்கவில்லை. விடுமுறையின் தொடக்கத்திலேயே அவள் அனுப்பிய நகலைத் தபாலில் வாங்கிப் பார்த்து 'மிக நன்று' என்று எழுதி அனுப்பிய புரொபசரும் கண்டுபிடிக்கவில்லை. உளிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் விரித்து, கீழிருந்து விரல் வைத்துப் போனவன் நான்.

கேட்டால், "பேர் போடக் கூடாதுப்பா, விதி" என்கிறாள். அன்று பேர் இல்லை என்று கேட்டுத்தான் தூங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். இப்போது நிலத்துக்குப் பட்டா எங்கள் கையில். வெள்ளையம்மாளிடமும் கேட்டுவிட்டேன். "நல்லா எழுதுங்கண்ணே, எம்பேரையும் பெரிசாப் போடுங்க" என்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஆகவே இந்தப் பத்திரிகை வழியாகவே என் மகளுக்கும் அவள் புத்தகத்தை அச்சடிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த பதிப்பில் 'ஆலோசகர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பிழையைக் கண்டறிந்தவர் சுப்பையா, கண்ட்ராக்டர், சிப்பிகாட். அப்படியே போட வேண்டும். ஒரு எழுத்தும் குறையக் கூடாது.